வெளிச்சத்தம் உள்ளே வரும் ஹெட்போன்

வேலையில் இருந்த காலம் முழுவதும் அரசாங்கத்துக்கு நாற்காலியும் பீரோவும் வாங்கிக் கொடுத்தவன் நான். கொள்முதல் பிரிவில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். குண்டூசி வாங்குவதானாலும் மூன்று விலைப்புள்ளி, ஒப்பீட்டுப் பட்டியல், பரிந்துரை, ஒப்புதல். அப்படி வாங்கிய குண்டூசிகள் காகிதத்தில் இறங்காமல் வளைந்துகொள்ளும் என்பது வேறு விஷயம். முறையில் ஒரு குறையும் இருக்காது.

ஓய்வுக்குப் பிறகு கொல்லிமலைக்கே திரும்பி வந்துவிட்டோம். வீட்டுக்குக் கீழே சரிவில் என் மனைவிக்கு மிளகுத் தோட்டம். முன்னறையில் எனக்குக் கணினி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாதஸ்வரம் கேட்பது என் வழக்கம். பழைய கோயில் கச்சேரிப் பதிவுகள் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். கணினியோடு இலவசமாக வந்த இரண்டு ஸ்பீக்கர்களில் நாதஸ்வரம் ஏறக்குறைய நாதஸ்வரம் போலவே இருக்கும். தவில்தான் பாவம், யாரோ சமையலறையில் எண்ணெய் டின்னைத் தட்டுவது போல இருக்கும்.

ஆகவே நல்ல ஹெட்போன் ஒன்று வாங்குவதென்று கருத்துரு சமர்ப்பித்தேன். ஒப்புதல் அளிக்க வேண்டிய அதிகாரி அப்போது முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவுங்க ஆகும்?"

"மூவாயிரத்துக்குள்ள."

"அதுக்கு மேல ஒரு ரூவா போகக்கூடாது." முறத்தைக் கீழே வைத்தாள். "நீங்க பாட்டுக்குக் காதை மூடிக்கிட்டு உக்காந்துக்குவீங்க. நான் ஏணி மேல நின்னு கூப்பிட்டா ஆரு வருவா?"

கேள்வி நியாயமானது. எங்கள் மிளகுக் கொடிகள் சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கின்றன. பறிக்க ஒற்றை மூங்கிலைச் சாத்தி, கணுக்களில் கால் வைத்து ஏற வேண்டும். போன பருவத்தில் அந்த மூங்கில் சறுக்கி, மரத்தைக் கட்டிப்பிடித்தபடி தொங்கியிருக்கிறாள். நான் மேலே ஸ்பீக்கரில் மூழ்கியிருந்தேன். அவள் போட்ட சத்தம் எதிர்ச்சரிவில் இருந்தவர்களுக்குக் கேட்டு அவர்கள் ஓடி வந்தார்கள். செல்போன் எடுத்துப் போகலாமே என்று மலைக்குக் கீழே இருப்பவர்கள் யோசனை சொல்வார்கள். அந்தச் சரிவில் சிக்னல் கிடையாது. இருந்தாலும் மூங்கில் மேல் நிற்பவளுக்கு மூன்றாவது கை கிடையாது. இங்கே ஒருவரை ஒருவர் கூப்பிட இன்றும் தொண்டைதான்.

"கூப்பிட்டாக் காது கேக்கோணும். கேக்கலையா, அதைத் திருப்பிக் குடுத்துரோணும். கம்ப்யூட்டரையும் சேத்து மூட்டை கட்டி அட்டாலில போட்டுருவேன்."

கம்ப்யூட்டர் பரணுக்குப் போனால் என் மதியங்களும் கூடவே போய்விடும். நிபந்தனையை ஏற்றுக்கொண்டேன்.

இணையத்தில் தேடினேன். ஹெட்போனைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைக் காதால் கேட்பதில்லை, நாக்கால் ருசிக்கிறார்கள். ஒன்று இனிப்பாக இருக்கிறதாம், இன்னொன்று வறண்டிருக்கிறதாம். ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்த ஒருவர் சொன்ன காரணம், பார்சல் சீக்கிரம் வந்தது. நேரில் கேட்காமல் வாங்குவதில்லை என்று முடிவு செய்து, தவில் தனி ஆவர்த்தனம் உள்ள பதிவு ஒன்றை பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு நாமக்கல் பஸ் பிடித்தேன். அந்தப் பதிவில் எந்த இடத்தில் யார் இருமுகிறார் என்பது வரை எனக்கு மனப்பாடம். தெரிந்த சங்கீதத்தை வைத்துத்தான் தெரியாத கருவியை எடைபோட முடியும்.

முதல் கடையில் கொடுத்ததை மாட்டியதும் தலை அதிர்ந்தது. அது தவில் அல்ல, லாரி. இரண்டாவது கடையில் ஒயர் இல்லாததைத்தான் விற்போம் என்று நின்றார்கள். மின்சாரம் எப்போது வரும் என்று எங்கள் மலையில் யாருக்கும் தெரியாது. அதை நம்பி இன்னொரு பேட்டரியை வளர்க்க நான் தயாராக இல்லை. மூன்றாவது கடைக்காரர் நடுவயதுக்காரர், கண்ணாடி போட்டவர். கறுப்பாகத் தடித்த ஒன்றை என் தலையில் மாட்டிவிட்டார்.

"வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ள வராதுங்க. பக்கத்துல வெடி போட்டாலும் தெரியாது."

"எனக்கு வெளிச்சத்தம் உள்ள வரோணுங்க."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, அதுக்கு எதுக்குங்க ஹெட்போன்? சும்மா உக்காந்திருந்தாலே வருமே?"

மிளகு, மூங்கில், மனைவி மூன்றையும் விளக்கினேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஊட்டுக்காரம்மா உத்தரவுங்களா? அதை மொதல்லயே சொல்றதில்லீங்களா?"

மேல்தட்டில் எதற்கோ பின்னால் கிடந்த பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் தகட்டுக்குப் பதில் வலை. "பின்னாடி தொறந்தே இருக்குமுங்க. வெளிய பேசறது உள்ள கேக்கும், உள்ள பாடறது வெளிய கசியும். பஸ்ஸுல ஆகாது, ஆபீசுல ஆகாது. ஊட்டுல தனியாக் கேக்கறவங்களுக்கு இதை அடிச்சுக்க ஆளில்லை. ஆனா ஒருத்தரும் வாங்க மாட்டேங்கறாங்க."

அவர் கணினியில் பென் டிரைவைச் செருகி மாட்டிக்கொண்டேன். தவில்காரர் விரல்களில் மாட்டிய கூடுகள் வலந்தலையில் விழுவது தனியாகவும், கழி மறுபக்கத்தில் விழுவது தனியாகவும் கேட்டது. இருமுகிறவர் என் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. அடியில் முழக்கம் கொஞ்சம் குறைவு. இருக்கட்டும், இடி மலையில் இலவசமாகக் கிடைக்கிறது. டீ வரவழைத்துக் குடித்து முடிக்கும்வரை கழற்றவில்லை. என் மூக்குக் கண்ணாடியின் காம்பு காதோரம் அழுத்தவில்லை, பஞ்சு வேர்க்கவில்லை. ஒயர் போதுமான நீளம் போலத் தெரிந்தது. விற்காத பொருள் என்று கடைக்காரர் கேட்காமலே விலையைக் குறைத்தார். என் பணிக்காலத்தில் இப்படி நடந்திருந்தால் விசாரணை வைத்திருப்பேன். ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்றும் சொன்னார்.

மறுநாள் தர ஆய்வு. மனைவியும் மிளகு பறிக்க வரும் பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணும் சரிவில் இறங்கினார்கள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வழக்கமான சத்தத்தில் நாதஸ்வரத்தை வைத்தேன்.

"ஏனுங்கோ...!"

ஆலாபனையின் நடுவே, தெளிவாக, வாசல் பக்கத்திலிருந்து வருவது போல வந்தது குரல். அருமை. இரண்டாவது முறையும் வந்தது. மூன்றாவது முறையும் வந்தது. பிறகு சத்தமில்லை. கொஞ்ச நேரத்தில் தலையில் மிளகு இலையோடு மூச்சு வாங்க அவளே வந்து நின்றாள். பின்னால் அந்தப் பெண்.

"கேட்டுச்சா இல்லையா?"

"மூணு தடவையும் கேட்டுச்சு. மூணாவது கொஞ்சம் கோவமாக் கேட்டுச்சு."

"கேட்டுமா உக்காந்திருந்தீங்க?"

"ஒருக்காக் கேட்டாத் தற்செயலா இருக்கலாம் புள்ள. மூணு சோதனை வெச்சாத்தான் முடிவு எழுத முடியும்."

பின்னால் நின்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, மாமனுக்குக் காது நல்லாத்தான் இருக்குது. காலுக்குத்தான் டெண்டரு உடோணும்."

என் மனைவி சிரிக்கவில்லை. "கேக்கறதுக்கா கூப்பிட்டேன்? வாரதுக்குக் கூப்பிட்டேன். நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

மேல்முறையீட்டுக்கு வழியில்லாத ஆணை. நான் வகுத்த தரக்குறிப்புகளில் எல்லாம் இருந்தன, எழுந்து போவது மட்டும் இல்லை. வாரம் முடிய நாள் இருக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று கெஞ்சினேன். அவள் சரிவில் இறங்கிப் போனாள்.

அடுத்த நாள் மதியம் தனி ஆவர்த்தனம் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கீழிருந்து ஒரு குரல். "ஏனுங்கோ" அல்ல. பாதியில் அறுந்த ஒரு "ஏ..." மட்டும்.

எழுந்து ஓடினேன். தலையில் ஹெட்போன் இருப்பது நினைவில்லை. ஒயர் இழுபட்டுப் பிளக் பிடுங்கிக்கொண்டது, தவில் அத்தனையும் ஸ்பீக்கர் வழியாகச் சரிவு முழுக்கக் கொட்டியது. ஈர மண்ணில் மூங்கிலின் அடி நழுவியிருந்தது. அவள் ஒரு கால் கணுவிலும் ஒரு கை மரத்திலுமாக நின்றிருந்தாள். அடியை உதைத்து நிறுத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன். எறங்கு புள்ள."

"எறங்கறதா? அப்படியே புடிச்சுக்கங்க, மேல நல்ல கொத்து இருக்குது."

அடுத்த மரத்தில் ஏறியிருந்த பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மாமா, தலையில கிரீடம், ஊட்டுல கெட்டிமேளம். தாலி எங்கீங்க?"

என் மார்பில் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே பார்த்துக் கேட்டேன். "இதைத் திருப்பிக் குடுக்கோணுமா?"

"மொதல்ல ஆட்டாமப் புடிங்க சாமி."

அந்த வாரம் முடிந்தது. அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கெடுவுக்குள் ஆட்சேபணை வராவிட்டால் ஒப்புதல் என்றே கொள்ளப்படும். தினமும் மதியம் நாதஸ்வரம் கேட்கிறேன், தினமும் கூப்பிடுகிறாள். பல நாள் தண்ணீர்ச் செம்பு கொண்டுவரச் சொல்லத்தான். அதற்கும் முதல் குரலிலேயே எழுந்து போகிறேன்.