ஏழு வாட் பள்ளிக்கூடம்

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கம்ப்யூட்டரை எடை பார்த்து வாங்கியவன். பலாப்பழம் வாங்குவது மாதிரி தூக்கிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், "நல்ல கனம்" என்று தலையாட்டிவிட்டுக் காசைக் கொடுத்தேன்.

கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட சேர்வர் அது. பட்டனை அமுக்கியதும் உள்ளே இருந்த விசிறிகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின பாருங்கள்... ஆஹா! தேயிலை ஃபெக்டரிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்களுக்கு மெஷின் ஓடுகிறது என்றால் சத்தம் கேட்க வேண்டும். சத்தம் நின்றால் தூக்கத்திலிருந்து எழும்பி, "என்ன, ஃபெக்டரி நின்னுருச்சா?" என்று கேட்கிற சனம்.

பக்கத்து வீட்டு யோகன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். த்ரீவீலர் ஓட்டுகிறவர், வாயும் அதே வேகம்.

"என்னாண்ணே, வீட்டுலயே கொழுந்து அரைக்கிறீங்களா?"

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எதற்கு இந்த மெஷின்? என் மனைவி ஜெயந்தி தோட்டப் பாடசாலையில் கணித டீச்சர். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓ.எல். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அரநாயக்கவுக்கு மேலே எங்கள் மலையில் சிக்னல் என்பது அவசரக்கார விருந்தாளி – வரும், உட்காராது. அதனால் ஜெயந்தி தன் பாடங்களை ஃபோனில் பதிவு செய்ய ஆரம்பித்தாள். இன்டர்நெட்டோ டேட்டா செலவோ இல்லாமல், எங்கள் வீட்டு வைஃபையிலேயே பிள்ளைகள் அவற்றைப் பார்க்கலாம். பின்னேரமானால் வாசற்படியிலும் மதிலிலும் பிள்ளைகள், கையில் அம்மாவின் ஃபோன் அல்லது அண்ணனின் ஃபோன். பாடங்களைப் பத்திரமாக வைத்திருந்து, கேட்ட பிள்ளைக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்க, எந்நேரமும் ஓடுகிற ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அவ்வளவுதான்.

"அத நான் பாத்துக்கிறேன்" என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொல்லும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஏதாவது உடைந்திருக்கிறது.

மெஷின் குடித்த கரண்டில் மீட்டர் பம்பரமாகச் சுற்றியது. அது கூடப் பரவாயில்லை. பின்னேரம் இடி இடித்தால் எங்கள் பக்கம் கரண்ட் போகும். கரண்ட் போனால் மெஷின் படுக்கும். பிள்ளைகள் பாதிக் கணக்கில் நிற்பார்கள். ஒருநாள் அப்படிப் படுத்ததில் ஹார்ட் டிஸ்க் எழும்பவே இல்லை. முக்கோணம், வட்டம் என்று கேத்திர கணிதம் முழுக்கப் போச்சு!

ஜெயந்தி அந்தப் பாடங்களை எல்லாம் திரும்பப் பதிவு செய்தாள். முடித்துவிட்டுக் கரகரத்த குரலில் சொன்னாள்:

"இன்னொரு வாட்டி போச்சுன்னா, சொல்றதுக்கு எனக்குத் தொண்டையும் இல்ல, படிக்கிறதுக்குப் பிள்ளைகளுக்கு நாளும் இல்ல."

மறுநாள் கீழே மாவனல்லை டவுனுக்குப் போனோம். கம்ப்யூட்டர் கடைக்கார முஸ்லிம் அண்ணனை எல்லோரும் நானா என்போம்; அவர் நான் வாங்கிய சேர்வரின் கதையைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாஸ்டர், உங்கட வீட்டுல என்ன, பேங்க்கா நடத்துறீங்க?" டீச்சரின் புருசன் என்பதால் நானும் அவருக்கு மாஸ்டர்தான். பிறகு ஜெயந்தியிடம் திரும்பினார். "வீடியோவ வேற மாதிரி மாத்திக் குடுக்கணுமா டீச்சர்? இல்ல, ஈக்கிறத அப்படியே எடுத்துக் குடுத்தா போதுமா?"

"அப்படியே குடுத்தா போதும். ஃபோன்ல எடுத்தது, ஃபோன்லயே ஓடும்."

"அப்ப பலசாலி தேவையில்ல. தூங்காத ஆள் ஈந்தா போதும்."

மேசையில் நாலைந்தைப் பரப்பினார். திரை உடைந்த ஒரு லெப்டொப் – பேட்டரி உப்பிப்போயிருந்தது. இரண்டு டிஸ்க் போடுகிற ஒரு பெட்டி – சுற்றுகிற டிஸ்க், திடீரென்று கரண்ட் போனால் பழைய கதைதான் என்று ஜெயந்தி தள்ளிவைத்தாள். உள்ளங்கையளவு வெறும் சர்க்கியூட் அட்டை ஒன்று – அதற்குப் பெட்டி, வயர், டிஸ்க் எல்லாம் தனித்தனியாக வாங்கி ஒட்டவைக்க வேண்டும். கடைசியாகச் சோற்றுப் பார்சல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. எங்கேயோ கவுண்டரில் வேலை பார்த்துவிட்டு வந்த குட்டிக் கம்ப்யூட்டர். விசிறி இல்லை. சுற்றுகிற டிஸ்க்கும் இல்லை.

அப்போது ஒரு விசயம் கவனித்தேன். ஜெயந்தி ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்தாள்! எனக்குக் கண் கலங்காத குறை. இத்தனை வருட வாழ்க்கையில் என்னிடமிருந்து ஒன்றாவது கற்றுக்கொண்டாளே... இருப்பதிலேயே கனமானதை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் சோற்றுப் பார்சலை எடுத்தாள்.

நானா அதை ஒரு மீட்டரில் மாட்டிக் காட்டினார்.

"ஏழு வாட்."

"எழுபதா?"

"ஏழு, மாஸ்டர். உங்கட வீட்டுச் சாமிப் படத்துக்கிட்ட எரியிற பல்பு மாதிரி."

மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். அதே ஏழு. கரண்ட் வெட்டுக் காலத்தில் ரவுட்டருக்கென்று எல்லோரும் ஒரு சின்னப் பேட்டரி வாங்கினோமே, அதைவிட ஒரு சுற்றுப் பெரியதில் இது, ரவுட்டர் இரண்டும் ஓடுமாம். நம்புகிற மாதிரியா இருக்கிறது?

நான் நம்பவில்லை. ஆனால் ஜெயந்தி பெட்டியையும் அந்தப் பேட்டரியையும் வாங்கிவிட்டாள். வீட்டில் அது சத்தமே போடவில்லை. பல்லி கத்துவது கேட்கிறது, இது கேட்கவில்லை. செத்துவிட்டதோ என்று பிளக்கைக் கழற்றி மாட்டப் போனேன். பின்னாலிருந்து ஜெயந்தியின் குரல்: "கைய எடுங்க."

போன கிழமை அடித்த மழை உங்களுக்கும் தெரியும். மத்தியானம் கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்... தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே மண் பிளந்திருக்கிறது, எல்லோரும் உடனே பாடசாலைக்குப் போங்கள் என்று. யோகன் த்ரீவீலரை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். அந்த நேரத்தில் நான் எதைத் தூக்கினேன் தெரியுமா? மூலையில் கிடந்த பழைய சேர்வரை! பாசம்... இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"அண்ணே, ஆளு ஏறணுமா, அது ஏறணுமா? சீக்கிரம் சொல்லுங்க!"

ஜெயந்தி ஏற்கெனவே வண்டியில் இருந்தாள். தோளில் ஒரே ஒரு ஸ்கூல் பேக். அடையாள அட்டைகள், பெட்டி, ரவுட்டர், பேட்டரி. கடையில் அவள் ஏன் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் எடை பார்த்தது வாங்குவதற்கு. அவள் பார்த்தது, மலை சரிந்து இறங்கும் நாளில் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா என்பதற்கு.

பாடசாலை மண்டபத்தில் கரண்ட் இல்லை. தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. பெரியவர்கள் மேலே மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். யார் வீடு இருக்கும், யார் வீடு போகும் என்று யாருக்கும் தெரியாது. ஜெயந்தி ஜன்னல் கட்டையில் பெட்டியை வைத்தாள். வயரை மாட்டினாள். சின்னதாய் ஒரு நீல வெளிச்சம்.

கொஞ்ச நேரத்தில் இருட்டு மண்டபத்தில் ஒரு ஃபோன் திரை எரிந்தது. பிறகு இன்னொன்று. சுவரோரம், பாய்களின் மேல், மேசைக்குக் கீழே... பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக மலர்ந்தன. ஒருத்திக்கு முக்கோணம், ஒருவனுக்குப் பின்னம், இன்னொருத்திக்கு வட்டியும் வீதமும். எல்லா ஃபோனிலும் என் மனைவி. ஒரே நேரத்தில், வெவ்வேறு கணக்கில், அந்தக் கரகரத்த குரலில். ஒரு தாய் மலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு மகளின் திரையைப் பார்க்க உட்கார்ந்தார்.

நான் வாய் பிளந்து நின்றேன். நான் பார்த்த பெரிய வேலைகள் எல்லாம் பூமி அதிர நடந்தவை. இவ்வளவு பெரிய வேலை இவ்வளவு அமைதியாகவும் நடக்குமா? பெட்டியில் கை வைத்தேன். குழந்தையின் நெற்றி மாதிரி இளஞ்சூடு. காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. பழக்கதோசம் விடுமா? மழையை மீறிக் கத்திக் கேட்டேன்:

"ஜெயந்தி! இது ஓடுதா?"

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"அது ஓடுது. நீங்க கொஞ்சம் ஓஃப் ஆகுங்க."