சாஸ்தா பெயரில் ஒரு பாஸ்வேர்டு

சீசன் நன்றாக இருந்த ஒரு காலை. குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற வழியில் பழக்கடை போட்டிருக்கிறேன். சாரல் அடித்ததால் மங்குஸ்தான் கூடைகள் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கீழப்பாவூரிலிருந்து என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன்.

"ஏலே, எந்த ஆஸ்பத்திரில கெடக்கே?"

"ஆஸ்பத்திரியா? நான் கடையில நிக்கேன் அண்ணே."

"கடையிலயா? நெஞ்சுவலி, பேச முடியல, உடனே ரூவா அனுப்புன்னு மெயில் போட்டிருக்கே. இங்கன ஒன் மதினி அழுதுகிட்டு இருக்கா."

"எனக்கு மெயில் பாக்கவே தெரியாது. நான் எங்க போட்டேன்?"

"அதைத்தான் எம் மவனும் கேட்டான். நெஞ்சு வலிச்சா சித்தப்பாவுக்கு இங்கிலீசு வருமான்னு."

சிரித்தேன். போனை வைப்பதற்குள் அடுத்தது வந்தது. வடகரையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பங்காளி ஒருவர் என்னைப் பார்க்க பஸ் ஏறிவிட்டாராம், எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். அப்போதும் எனக்கு விஷயத்தின் கனம் தெரியவில்லை. மூன்றாவதாக வந்தது என் மகளின் குரல். தென்காசியில் வீட்டில் தனியாக இருந்தாள்.

"யப்பா, நம்ம மெயில் தொறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு மாத்தியாச்சுன்னு சொல்லுது. நான் மாத்தலப்பா."

"சரி, நாளைக்கு யாரையாவது கூட்டிட்டு வந்து பாப்போம்."

"நாளைக்கா? இன்னைக்கு அஞ்சு மணிக்கு மூடிருவான்ப்பா!"

அப்போதுதான் என் காலுக்குக் கீழே இருந்த ஈரம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

அவளுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும். எங்கள் பசு ஒன்று கன்று ஈன முடியாமல் செத்துப்போனபோது அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவள் அவள். அன்றைக்கு முடிவு செய்தது. பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தாள். கலந்தாய்வு எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் இதுதான் முடிவு என்று 'லாக்' செய்ய வேண்டும். லாக் செய்யும்போது மெயிலுக்கு ஓர் எண் வரும். அதை அடித்தால்தான் ஏற்றுக்கொள்ளும். இடம் கிடைப்பதும் கிடைக்காததும் கடவுள் விட்ட வழி. ஆனால் எங்களுக்கு வேண்டும் என்று கேட்கவே முடியாமல் போவது எப்படிப்பட்டது?

வரிசையை எல்லாம் அவள் முன்னமே போட்டு வைத்திருந்தாள். அன்றே லாக் செய்கிறேன் என்றாள். நான்தான் அஷ்டமி, மறுநாள் நவமி என்று நிறுத்தி வைத்தேன். தசமி அன்று காலையில் செய்யலாம் என்றேன். தசமிதான் கடைசி நாள்.

பஸ்ஸில் தென்காசி போகும்வரை வேண்டாத சாமி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அருவியில் குளித்த ஈரத்தோடு, "அண்ணாச்சி, ஐந்தருவியில தண்ணி எப்படி?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்று தெரியாது.

பாஸ்வேர்டு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மகளுக்காக வாங்கி வந்தபோது, மெயில் தொடங்கிக் கொடுத்தவர் என்ன பாஸ்வேர்டு வைக்க என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. எங்கள் குலசாமி சாஸ்தாவின் பெயரைச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. எந்த ஊருக்குப் பிழைக்கப் போனாலும் பங்குனி உத்திரத்துக்கு அந்தக் கோயிலுக்கு வந்து பொங்கலிட்டுத்தான் தீர வேண்டும். எல்லையைக் காக்கிறவர், வீட்டைக் காக்கிறவர். கம்ப்யூட்டரையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்பது என் எண்ணம். மெயிலுக்கும் அதுதான், கரண்ட் பில்லுக்கும் அதுதான், கலந்தாய்வுக்கும் அதுதான்.

மகள் அப்போதே சொன்னாள். "யப்பா, பொங்கல் போட்டோவை நீங்களே சாமி பேரோட போன்ல எல்லாரும் பாக்குத மாதிரி போட்டிருக்கீய. ஊருக்கே தெரிஞ்ச பேரை எப்படிப்பா பாஸ்வேர்டா வைக்கது?"

"ஊருக்கே தெரிஞ்சா என்ன? அவரு காவலுக்கு நிக்காருல்லா."

"அவரு நிக்காருப்பா. அந்தக் கம்ப்யூட்டருக்கு அவரைத் தெரியாதுல்லா."

மாற்றச் சொன்னபோதெல்லாம் எனக்கு நெஞ்சு ஒப்பவில்லை. சாமியைக் காவல் வேலையிலிருந்து நீக்குகிற மாதிரி இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கலந்தாய்வு அலுவலக எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள். லைன் கிடைக்கவில்லை. நான் செய்த முதல் காரியம், பயத்தில் கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கியது. உள்ளே எவனோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தோன்றியது. "ஏம்ப்பா பிடுங்குதீய?" என்று அவள் கத்தினாள். அவள் என்னிடம் கத்தியது அதுவே முதல் தடவை.

காவல் நிலையத்துக்குப் போனோம். இந்த மாதிரி புகாரைப் பார்க்கிற போலீஸ்காரர் இளவயசுக்காரர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பாஸ்வேர்டு வெளிய யாருக்கும் தெரியுமா அண்ணாச்சி?"

"எங்க வீட்டைத் தவிர ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது சார்."

"என்ன வச்சிருந்தீய? இனி அது செல்லாது, சும்மா சொல்லுங்க."

சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணாச்சி, எங்களுக்கும் அதே சாஸ்தாதான். அப்போ என்னையும் சேர்த்துல்லா சந்தேகப்படணும்?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கணத்தில்தான், உத்திரத்துக்கு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட முகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போயின. இவனாக இருக்குமோ, அவனாக இருக்குமோ என்று மனசு ஓடியது. ஆஸ்பத்திரி தேடி பஸ் ஏறி வந்துகொண்டிருந்த வடகரைக்காரரைக்கூட அது விட்டுவைக்கவில்லை.

"உங்க ஆளா இருக்கணும்னு இல்ல," என்றார் போலீஸ்காரர், என் முகத்தைப் பார்த்துப் புரிந்தவர் போல. "எங்கயோ இருந்துகிட்டு, நீங்க போட்ட போட்டோவைப் பாத்து, சாமி பேரு, பொறந்த வருசம்னு ஒவ்வொண்ணா அடிச்சுப் பாக்குத ஆளுக இருக்கானுவ. அவன் யாருன்னு அப்புறம் பாப்போம். மெயில் தொடங்கும்போது எந்த போன் நம்பர் குடுத்தீய?"

"வீட்டுக்காரி நம்பரு."

"அவன் நம்பரை மாத்தியிருப்பான். ஆனா மெயில்காரங்க பழைய நம்பரைக் கொஞ்ச நாளைக்கு விட்டு வச்சிருப்பாங்க. வழக்கமா தொறக்கிற கம்ப்யூட்டர்ல இருந்தே 'மறந்துபோச்சு'ன்னு குடுத்துப் பாருங்க. அந்த நம்பருக்கு ஒரு எண் வந்தாலும் வரும். நிக்காதீய, ஓடுங்க. உள்ள போனதும் புதுசு மாத்திட்டு, மத்த எடத்துல தொறந்திருக்கிறதையெல்லாம் மூடச் சொல்லி அழுத்துங்க. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற வைங்க. சாமி பேரு வேண்டாம்."

காசி விசுவநாதர் கோயில் கோபுரத்தைக் கடக்கும்போது காற்று வேட்டியைப் பறித்தது. உள்ளே போக நேரமில்லை. நடந்துகொண்டே கும்பிட்டேன். எனக்குப் பணம் வேண்டாம், பேர் வேண்டாம், இந்தப் பிள்ளை என் மூடத்தனத்தால் அழியக் கூடாது என்று மட்டும் வாய்விட்டுச் சொன்னேன். பூக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

நான் பிடுங்கிய வயரை நானே மாட்டினேன். கம்ப்யூட்டருக்கு உயிர் வருவதற்குள் என் உயிர் போய்விட்டது. மகள் போலீஸ்காரர் சொன்னபடி ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். கடைசியில் ஒரு நம்பரின் கடைசி இரண்டு எண் வந்து நின்றது. என் மனைவியின் நம்பர்தான்.

மனைவி அப்போது ராயகிரியில் இருந்தாள், தங்கையின் பிரசவத்துக்குத் துணையாக. மகள் என் போனில் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கிறபடி சத்தமாக வைத்தாள்.

"யம்மா, ஒன் போனுக்கு இப்ப ஒரு மெசேஜ் வந்திருக்கும். ஆறு எண்ணு. சீக்கிரம் வாசி."

மனைவி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"யம்மா!"

"வாசிக்க மாட்டேன்."

"ஏம்மா?"

"எண்ணு வந்தா எவன் கேட்டாலும் சொல்லாதேன்னு ஒங்கப்பாதான் சொல்லியிருக்காரு. காலையில இருந்து அவரு ஆஸ்பத்திரில இருக்காருன்னு நாலு பேரு போன் போட்டுட்டானுவ. ஆனா காலையில கடை தொறந்ததும் அவரு எங்கிட்ட பேசினாரு. இப்ப நீ வந்திருக்கே."

"நான் ஒன் மவம்மா!"

"எம் மவ குரல்லயே பேசி ஏமாத்துதானுவளாம். டிவியில காமிச்சான்."

நான் போனைப் பிடுங்கினேன். "ஏட்டி, நான்தான் பேசுதேன். சொல்லித் தொலை!"

"அவரு எங்கிட்ட தொலைன்னு சொல்ல மாட்டாரு," என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மழைமேகம்தான், ஆனால் சாயங்காலம் வந்துவிட்டது போலிருந்தது. மகள் திரும்ப அடித்தாள். இந்தத் தடவை மனைவியே ஒரு வழி சொன்னாள்.

"நீ எம் மவளா இருந்தா நமக்குள்ள தெரிஞ்சதா ஒண்ணு சொல்லு."

நான் முந்திக்கொண்டு, "நம்ம சாஸ்தா பேரைச் சொல்லும்மா," என்றேன்.

"அது ஊருக்கே தெரியும்," என்றாள் மனைவி. "வேற யாருக்கும் தெரியாததாச் சொல்லணும்."

மகள் என்னைப் பார்த்தாள். "யப்பா, கொஞ்சம் வெளிய போங்க."

போனேன். மாட்டுத்தொழுவத்தில் போய் நின்றேன். என் வீட்டில், என் மனைவிக்கும் என் மகளுக்கும் நடுவே, எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. வேறு நாளாக இருந்தால் மனம் சுருங்கியிருக்கும். அன்றைக்கு அது இருந்ததற்காக மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு கடவுளுக்கு நன்றி சொன்னேன். உள்ளிருந்து மகள் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு மனைவி விசும்புவது போனில் கேட்டது. பிறகு அவள் எண்களைத் தமிழில், ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல வாசித்தாள்.

செல்லவில்லை. நேரம் கடந்துவிட்டதாம். மறுபடியும் அனுப்பச் சொல்ல வேண்டும். அனுப்பியது வரவில்லை. ராயகிரியில் சிக்னல் சரியாக இல்லை என்று மனைவி போனைத் தூக்கிக்கொண்டு மச்சுக்கு ஓடினாள். அவள் மூச்சு வாங்குவதும் படியேறுவதும் எனக்குக் கேட்டன. நான் வாசலில் நின்று கந்தசஷ்டிக் கவசத்தைச் சொல்லத் தொடங்கினேன், இரண்டாம் அடியிலேயே விட்டுப்போயிற்று. தினமும் சொல்கிற கவசம்.

"வந்துட்டு! வந்துட்டு!" என்று மனைவி கத்தினாள்.

மெயில் திறந்தது. மகள் புதுசாக ஏதோ அடித்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எல்லா இடத்திலும் மூடச் சொல்லி அழுத்தினாள். கலந்தாய்வுப் பக்கத்தைத் திறந்து, அவள் போட்டு வைத்திருந்த வரிசை அப்படியே இருக்கிறதா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. அங்கேயும் பாஸ்வேர்டை மாற்றினாள். பிறகு லாக் கொடுத்தாள். மெயிலுக்கு எண் வந்தது. அடித்தாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கரண்ட் போய்விடக் கூடாதே என்று நான் விளக்கையே பார்த்தேன்.

நின்றது. பச்சையாக ஒரு வரி வந்தது. அதை அவள் வாய்விட்டு வாசிக்கவில்லை. கீபோர்டு மேலேயே முகத்தை வைத்து அழுதாள். திரையில் எழுத்துகள் தாறுமாறாக ஓடின.

கட்டிலில் கிடந்த போனிலிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. "ஏட்டி, என்னாச்சு? முடிஞ்சிட்டா? யாரு அழுதா?"

எடுத்துக் காதில் வைத்தேன்.

"யாரு? வாயைத் தொறந்து சொன்னாத்தானே தெரியும். இல்லன்னா வச்சிருவேன்."

"நான்தான்," என்றேன்.

"நான்தான்னா யாரு?"

சொல்ல முடியாமல் அழுதேன். அந்த அழுகை என்னுடையதுதான் என்று தெரிந்துகொண்டாளோ என்னவோ, அவள் வைக்கவில்லை.