ஹுலிபண்டெயின் வளைவுகள்

1. கம்பம் சரிந்தது

"இழு!" என்றார் ஓவர்சியர் சம்பங்கி. இழுத்தோம். பாதி எழுந்து நின்ற கரண்ட் கம்பம், மழையில் ஊறிய குழியின் விளிம்பைப் பெயர்த்துக்கொண்டு பக்கவாட்டில் சரிந்தது. எங்களோடு இழுத்த மாணிக்கம் விலகியிருக்கலாம். விட்டால் பக்கத்து ஆள் மேல் விழும் என்று கயிற்றைப் பிடித்தபடியே நின்றான். வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. எலும்பு வெளியே தெரிந்தது. என் தலைத்துண்டை உருவி அவன் தொடையில் இறுக்கிக் கட்டினேன். ரத்தம் குறைந்தது; நிற்கவில்லை.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். நாங்கள் அல்சூர் ஏரிக்கரையில் வளர்ந்து, கண்டோன்மென்ட் தார் ரோடுகளில் கம்பம் நட்டுப் பழகிய லைன் கேங். ஆனேக்கல்லுக்கும் தெற்கே, மலைமேல் இருந்த ஹுலிபண்டெ என்ற கிராமத்துக்குக் கரண்ட் கொண்டுபோக அனுப்பியிருந்தார்கள்.

அதை ஊர் என்பதைவிடப் பாதை என்று சொல்லலாம். உச்சியிலிருந்து அடிவாரத்துத் தார் ரோடு வரை மடிந்து மடிந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை. ஒவ்வொரு வளைவிலும் ஒரு வீடு. புல் கூரை, குனிந்து நுழையும் வாசல். விளக்கு வேண்டுமா, கீழே சந்தையிலிருந்து மண்ணெண்ணெய் சுமந்து வர வேண்டும். உப்பும் அப்படியே, துணியும் அப்படியே. கேழ்வரகு விளையும், யானைக்குப் போக மிச்சம் மனிதருக்கு. டாக்டர் கிடையாது. காலையில் பனி ஏறி வந்தால் பக்கத்து வீடு மறைந்துவிடும். யாராவது இருமினால்தான் வீடு அங்கேயே இருக்கிறது என்று தெரியும். அந்தக் குளிரில் பெண்கள் பாதையில் குனிந்து கல் பதித்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு வீடும் தன் வளைவில் மட்டும். வாசல் சுத்தம் பார்க்கிறார்கள் என்று நினைத்தோம், கேட்கத் தோன்றவில்லை.

2. பலாமரம்

விபத்துக்குப் பத்து நாள் முன்னால், செங்குத்துப் பாறைக்கு மேலே இருந்த வளைவில் லைன் வழியை ஒரு பலாமரம் மறித்தது. மரம் கெம்பய்யாவுடையது. ஐம்பது வயது மனிதர்; மனைவி, தம்பியோடு அந்த வளைவு வீட்டில் இருந்தார். மரம் முழுக்கப் பிஞ்சு.

"காய் முத்தற வரைக்கும் பொறுக்கக் கூடாதா ஸ்வாமி?" என்று கேட்டார்.

"லைன் நேராத்தான்யா போவணும். உன் மரத்துக்காக வளைச்சா மேலதிகாரி என்னை வளைச்சிடுவாரு," என்றார் சம்பங்கி.

கோடாலி மாணிக்கத்தின் கையில் இருந்தது. வாயும் சும்மா இருக்காது. "கவலப்படாதே அண்ணே, கரண்ட் வந்தா உன் வீட்ல பலாப்பழத்துக்கு பதிலா பல்பு காய்க்கும்" என்று சொல்லிக்கொண்டே வெட்டினான். எல்லோரும் சிரித்தோம். விழுந்த பிஞ்சுகளை டென்ட்டில் குழம்பும் வைத்தோம். கெம்பய்யா எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

3. தூக்கு

இப்போது மாணிக்கம் கிடந்தது உச்சியில். எங்கள் லாரி நின்றது அடிவாரத்தில். கம்பம் ஏற்றி வந்த மறுபக்கத்து வண்டித்தடம் மழையில் கரைந்து போயிருந்தது. ஒற்றையடிப் பாதைதான் வழி. இருட்டுவதற்குள் ஆனேக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் கால் போகும்; உயிரும் போகலாம். இரண்டு மூங்கிலில் கம்பளியைக் கட்டி அவனைக் கிடத்தினோம்.

முதல் வளைவில் ஒரு பெண்ணும் மூன்று ஆண்களும் தோளில் துணி மடித்துப் போட்டுக்கொண்டு நின்றார்கள். சம்பங்கி கையை ஆட்டினார்: "வேணாம் வேணாம், கூலிக்கெல்லாம் ஆள் வேணாம். கை மாத்தினா கால் ஆடும். எங்க பசங்களே தூக்குவாங்க."

நாங்களே தூக்கினோம். அவர்களும் பின்னால் வந்தார்கள். இரண்டாவது வளைவிலும் அப்படியே. பின்னால் கூட்டம் கூடியது. மூன்றாவதில் என் கால் ஈரக் கல்லில் வழுக்கியது. படுக்கை சாய்ந்தது. மாணிக்கம் அலறிய அலறல் எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

முதல் வளைவுக்காரி முன்னால் வந்தாள். "ஏன்பா, கூலியா கேட்டோம்? எங்க வளைவுல நாங்க தூக்கணும். நோயாளியோ, கல்யாணப் பொண்ணோ, பொணமோ, யார் வந்தாலும் அந்தந்த வளைவுக்காரங்க தூக்கி அடுத்தவங்களுக்குக் குடுக்கணும். எங்க முறைய நீங்க பிடுங்கினா, நாளைக்கு எங்க வீட்டுப் பொணத்தை எந்த மூஞ்சிய வச்சிகிட்டு அனுப்பறது?"

சம்பங்கி ஒதுங்கி வழி விட்டார். "தூக்குங்கம்மா" என்றார்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை எப்படி எழுதுவது? அடுத்த வளைவின் ஆட்கள் முன்கூட்டியே வந்து, பக்கத்தில் நாலு எட்டு கூடவே நடந்து, மூங்கிலுக்கு அடியில் தோளை நுழைப்பார்கள். "பந்த்யா?" என்று ஒரு குரல், வந்தாயா என்று அர்த்தம். "பந்தெ", வந்துவிட்டேன். அவ்வளவுதான், பழைய தோள்கள் விலகும். மூங்கில் தாழவில்லை, படுக்கை நிற்கவில்லை. ஓடை தண்ணீரை ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குக் கொடுப்பது போல அவனைக் கொடுத்துக்கொண்டே போனார்கள். மழை கொட்டியது, பனி கண்ணை மறைத்தது. தினமும் அவர்கள் கையாலேயே பதித்த கற்கள். பாதங்கள் தேடவே இல்லை. நான் வெறுங்கையோடு பின்னால் ஓடினேன். என் கம்பங்களைவிட உயர்ந்த ஒன்று அந்த மலையில் ஏற்கெனவே நடப்பட்டிருந்தது.

மாணிக்கம் கண் திறந்தான். "டேய், அடுத்தது பலாமரத்து ஆளு வளைவா?"

"ஆமாண்டா."

"செத்தேன். உருட்டி விட்டுடுவான்டா."

அந்த வளைவில் வெட்டிய அடிமரம் மட்டும் நின்றது. யாரும் இல்லை. தூக்கி வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஆள் இல்லேன்னா நீங்களே போங்களேன், ரத்தம் போவுது!" சம்பங்கி கத்தினார்.

"ஆகாது ஸ்வாமி. அவன் வளைவு. வருவான்."

"வரலேன்னா?"

அப்படி ஒரு நாள் அங்கே வந்ததே இல்லை போலும். மாணிக்கத்தின் உதடு வெளுத்துக்கொண்டிருந்தது. நான் கை கூப்பினேன். யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

கொல்லைப்பக்கம் சரிவில் காலடிச் சத்தம். கெம்பய்யா சேற்றுக் கையோடு மேலேறி வந்தார். பின்னால் தம்பி, மனைவி, அவள் அண்ணன். பாறைக்கு மேலே பாதை பெயர்ந்திருந்ததாம். கல் போட்டுச் சரிசெய்துவிட்டு வருகிறார்கள். கெம்பய்யா மாணிக்கத்தைப் பார்த்தார். அடிமரத்தைப் பார்த்தார். வேட்டியில் கையைத் துடைத்தார்.

"மரம் வேற. வளைவு வேற," என்று தோளைக் கொடுத்தார்.

பாறை விளிம்பில் ஒவ்வொரு அடியாக நகர்ந்தார்கள். நடுவில் அவர் குரல் மட்டும் கேட்டது: "கனக்கறான். எங்க பிஞ்செல்லாம் இவன் வயித்துலதான் இருக்கு போல."

மாணிக்கம் அழுதுகொண்டே சிரித்தான். வெளிச்சம் இருக்கும்போதே லாரி ஆனேக்கல் போய்ச் சேர்ந்தது. கால் தப்பியது, கொஞ்சம் குட்டையாகத் தப்பியது.

4. அதற்குப் பிறகு

ஊருக்குக் கரண்ட் விட்ட வாரம் மாணிக்கம் கைத்தடியோடு வந்து, என்னைக் கூட்டிக்கொண்டு கெம்பய்யா வீட்டுக்கு ஏறினான். களியும் கொள்ளுச் சாறும் வைத்தார்கள்.

"அண்ணே, நீங்க தூக்கினீங்க. நன்றி சொல்லணும். மரத்துக்கு மன்னிப்பும் கேக்கணும்."

"தூக்கினது என் வளைவு. அதுக்கு எதுக்கு நன்றி?" என்றார் கெம்பய்யா. "மரத்துக்கு மன்னிப்பு தர மாட்டேன். சாப்பிடு. சூடு ஆறுது."

தரவில்லை. கடைசிவரை தரவில்லை. இறங்கும்போது மாணிக்கம் சொன்னான்: "மன்னிச்சிருந்தா, மனசு எளகித்தான் அன்னிக்குத் தூக்கினான்னு நெனச்சிருப்பேன்டா. மன்னிக்காமயே தூக்கினது அதைவிடப் பெருசு."

லைன் வேலைக்கு வரும் தம்பிகள் என்னிடம், கூட வேலை செய்பவனோடு ஒத்துப்போவது எப்படி என்று கேட்கிறார்கள். ஒத்துப்போகாவிட்டாலும் பரவாயில்லை என்கிறேன். நான் கம்பத்தில் ஏறும்போது கீழே ஒருவன் ஃப்யூஸைப் பிடுங்கித் தன் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவன் அதைத் திரும்பச் செருகினால் நான் கரிக்கட்டை. சில வருஷங்களாக அப்படி நிற்பவன், என் தங்கை கல்யாணப் பேச்சைக் கெடுத்தவன். அவனோடு எனக்கு ஒரு வார்த்தை கிடையாது, இனியும் இருக்காது. தினமும் அவன் ஃப்யூஸைப் பிடுங்குகிறான். நான் கீழே பார்க்காமல் ஏறுகிறேன்.