மைக் அக்கா மூச்சு விட்ட கதை

ஊரில் பாதிப் பேருக்கு மைக் அக்காவின் முகம் தெரியாது. ஆனால் அவள் குரலைக் கேட்காத காது கிடையாது. ரயில் நிலையத்தின் மாடியில், கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார்ந்து "பயணிகள் கவனிக்கவும்" என்று அவள் ஆரம்பித்தால், அழுகிற குழந்தைகூட ஒரு நிமிடம் அண்ணாந்து பார்க்கும். பத்தொன்பது வருடம். ஒரு வண்டியின் பெயரைத் தப்பாகச் சொன்னதில்லை, ஒரு நடைமேடையை மாற்றிச் சொன்னதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு. இருக்கட்டுமே, யாருக்கு என்ன போகிறது?

தொல்லை வேறு இடத்தில் இருந்தது. ஆறு வருடமாக மூட்டுவாதம். காலையில் விரல்கள் மடங்காது, முழங்கால் இரண்டும் வீங்கி நிற்கும். மாடியறைக்கோ முப்பத்து நாலு படி. அவள் என்ன செய்தாள் தெரியுமா? வலி யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரே ஓட்டமாக ஏறினாள். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் துவண்டு கிடந்தாள். பைத்தியக்காரத்தனம்தான். அப்படிக் கிடந்ததில் இரண்டு தடவை அறிவிப்பு தாமதமாகிவிட்டது.

நிலைய அதிகாரி அவளைவிடப் பத்து வயது இளையவர். நல்ல மனிதர், ஆனால் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே பிறந்தவர்.

"எனக்குக் கண்ணு இல்லையா அக்கா? உங்களால ஏற முடியல. பேசாம கீழ, தொலைஞ்ச பொருள் அறைக்கு வந்துடுங்க. படியும் இல்ல, வேலையும் கம்மி."

"முட்டி லேசா பிடிச்சிருக்கு சார், அவ்வளவுதான்."

"சரி, மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள இன்னொரு அறிவிப்பு தாமதமாச்சுன்னா, மைக் வேற ஆளுக்கு."

தொலைந்த குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு உட்காருவதா? நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில்தான், ஒரு வருடமாகத் தட்டிக்கழித்துவந்த மூட்டுப் பயிற்சிக்கு மருத்துவமனை போனாள்.

பயிற்சி கொடுத்தது ஒரு சின்னப் பெண். "முட்டியை மடக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு, முட்டியைப் பார்க்காமல் அக்காவின் முகத்தையே பார்த்தாள்.

"மூச்சு எங்கம்மா?"

"இங்கதான் இருக்கு."

"இல்ல. வலி வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டீங்க. தோளு ரெண்டும் காதுகிட்ட ஏறி நிக்குது. நாலு எண்ணி மூக்கால இழுங்க, ஆறு எண்ணி வாயால விடுங்க. பல்லைக் கடிக்காதீங்க. மாத்திரையை மட்டும் நிறுத்திடக் கூடாது. இது வலியை எடுத்துடாதும்மா. வலிக்குப் பயந்து உடம்பு முறுக்கிக்குது பாருங்க, அந்த முறுக்கைத் தளர்த்தும்."

வீட்டில் சொன்னதும், பள்ளி வேன் ஓட்டுகிற கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மூச்சு விடக் கத்துக்க ஆஸ்பத்திரியா? பொறந்ததுல இருந்து அதைத்தானே செஞ்சுக்கிட்டு இருக்கே."

"உங்களைக் கட்டிக்கிட்ட நாள்ல இருந்து சரியா விடலையாம்."

மனிதர் அதோடு சிரிப்பை நிறுத்தினார். மறுநாள் காலை அவரே பக்கத்தில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணவும் செய்தார்.

முதல் வாரம் ஒரு மண்ணும் நடக்கவில்லை. அந்தப் பெண்ணை மனசுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டே எண்ணினாள். இரண்டாம் வாரம், வியாழக்கிழமை, பத்து நிமிடம் எண்ணி முடித்துக் கண்ணைத் திறந்தால், அடேயப்பா, தோள் இரண்டும் இறங்கியிருக்கின்றன. முட்டியில் வலி இருக்கத்தான் செய்தது. ஆனால் அது முட்டியோடு நின்றது, உச்சந்தலை வரை ஏறவில்லை. சந்தோஷம் தாங்காமல், வண்டியெடுக்கப் போன கணவரைத் தெருமுனையில் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னாள். மேலே அறையிலும், இரண்டு வண்டிகளுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள். படியில் மட்டும் பழைய கதைதான். நாலு பேர் பார்க்க நின்று நின்று ஏறுவதா என்ற ரோஷம். அதே ஓட்டம், அதே பல்லைக் கடிப்பு.

மாதத்தின் கடைசி நாளும் வந்தது. மாலை ஆறு பத்து வண்டி நாற்பது நிமிடம் தாமதம். முந்நூறு பேர் நடைமேடையில் கொதித்துக்கொண்டிருந்தார்கள். தாமதத்தை அறிவித்துவிட்டு, மைக்கை அணைக்க அக்கா சுவிட்சை அழுத்தினாள். வீங்கிய கட்டைவிரல், சுவிட்ச் முழுதாக இறங்கவில்லை. மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவள் அதைப் பார்த்தால்தானே? கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

"மூக்கால இழு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு," என்றது நிலையம் முழுக்க ஒலிபெருக்கி. "வாயால மெதுவா விடு. பல்லைக் கடிக்காதே. தோளை இறக்கு."

கீழே சிலர் சிரித்தார்கள். ஆனால் பத்தொன்பது வருடமாக அந்தக் குரல் சொன்னபடி நடந்து பழகிய ஜனம் இல்லையா? பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தோளை இறக்கினார்கள். மூன்றாம் நடைமேடையில் இருக்கைக்குச் சண்டை போட்ட இரண்டு பேர், சண்டையைப் பாதியில் விட்டு மூச்சிழுத்தார்களாம். இதெல்லாம் அவள் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது.

"முட்டி வலிக்குது. வலிக்கட்டும்," என்றது ஒலிபெருக்கி. "படியைப் பார்த்தாலே பயமா இருக்கு. நாளைக்கு மைக்கைப் பிடுங்கிடுவாங்களோன்னு பயமா இருக்கு. அதுவும் இருக்கட்டும். விடு. அஞ்சு, ஆறு."

நிலைய அதிகாரி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். கதவைத் திறந்தார், பேச்சு வரவில்லை. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, சிவப்பு விளக்கைக் காட்டுவதற்குக் கையைத் தூக்கினார். கண்ணைத் திறந்த அக்கா, மனிதருக்கு மாரடைப்பு என்றே முடிவுகட்டிவிட்டாள்.

"உட்காருங்க சார், பயப்படாதீங்க. மூக்கால இழுங்க, நாலு. விடுங்க, ஆறு. பல்லைக் கடிக்காதீங்க சார்."

அவரும் உட்கார்ந்தார், இழுத்தார், விட்டார். வேறு என்ன செய்வார், பாவம்? கீழேயிருந்து குபீரென்று சிரிப்பு எழுந்தபோதுதான் அவள் கண்ணில் விளக்கு பட்டது.

ஐயோ என்று ஆகிவிட்டது அவளுக்கு. ஆறு வருடம் கட்டிக்காத்த ரகசியம் அத்தனை பேர் காதிலும் விழுந்துவிட்டது. அழக்கூட நேரமில்லை, தொலைபேசி அடித்தது. வண்டி வந்துகொண்டிருக்கிறது, மூன்றாம் மேடைக்கு இல்லை, ஒன்றாம் மேடைக்கு. அதிகாரி மைக்கை இழுத்துப் பார்த்தார், அவருக்கு இன்னும் மூச்சு திரும்பவில்லை. அக்கா நாலு எண்ணி இழுத்தாள். விடுகிற மூச்சிலேயே பேசினாள்.

"பயணிகள் கவனிக்கவும். ஆறு பத்து வண்டி ஒன்றாம் நடைமேடைக்கு வருகிறது. அவசரப்பட வேண்டாம், நேரம் இருக்கிறது."

குரலில் ஒரு பிசிறு இல்லை. முந்நூறு பேரும் பாலத்தைத் தாண்டி வந்து வண்டியில் ஏறினார்கள். ஒருவர்கூட வண்டியைத் தவறவிடவில்லை.

அரை மணி கழித்து அதிகாரி புகார்ப் புத்தகத்தோடு வந்தார். பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே பிரித்தாள். 'எனக்கும் முட்டி வலி. இந்த மூச்சுப் பயிற்சி தினமும் எத்தனை மணிக்கு?' என்று ஒருவர். 'அந்த அம்மாவை மாற்றினால் நான் பஸ்ஸில் போய்க்கொள்வேன்' என்று ஒருவர். கடைசியில் கோணல் எழுத்தில், 'நாளைக்கும் வண்டி தாமதமாக வருமா?'

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லிடறேன் சார். இந்த வலி போகாது. இனிமே ஓடி ஏறவும் மாட்டேன். நின்னு நின்னுதான் வருவேன், யார் பார்த்தாலும் சரி."

"வலி போகணும்னு யாரு கேட்டா?" என்றார் அவர். "அரை மணி முன்னாடி வந்து ஏறுங்க. குரல் மேல வந்து சேர்ந்தாப் போதும் எனக்கு."

அன்று வேலை முடிந்து இறங்கும்போது, முதல் தடவையாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கீழே பாதி நடைமேடை பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு படி, ஒரு மூச்சு, அடுத்த படி. நடுவில் கால் கேட்ட இடத்திலெல்லாம் தாராளமாக நின்றாள். முப்பத்து நாலு படியையும் இறங்கி முடிக்க ஒன்பது நிமிடம் ஆனது.