மணிக்குப் பிறகும் திறந்திருந்த மைதானம்

காய்ந்த செம்மண்ணில் சொட்டும் ரத்தம் உடனே உள்ளே இறங்கிவிடாது, புழுதியைப் பூசிக்கொண்டு முத்து முத்தாக உருண்டு நிற்கும் என்பதை அரியலூர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் சிறுமியாக நின்று பார்த்தேன். அது என் அப்பாவின் ரத்தம்.

அப்பா அந்தப் பள்ளியின் "டிரில் வாத்தியார்". யுத்த காலம் அது. மாலை மணியடித்துப் பிள்ளைகள் கலைந்த பிறகும் கேட்டைச் சாத்தாமல், "மண்ணு சும்மாதான கெடக்கு, வந்து ஆடுங்க" என்று ஊரையே உள்ளே அழைப்பார். கடைக்காரர்களும் வண்டிக்காரர்களும் வந்தார்கள்; சேரியிலிருந்து கூலி முடித்த இளைஞர்களும் வந்தார்கள். சடுகுடு தொடாமல் ஆட முடியாத ஆட்டம் என்பதால் மேல்சாதிக்காரர்களின் பெரிய தெருவில் புகைச்சல் இருந்தது.

சேரி மருதனின் பிடி உடும்புப் பிடி. ஒரு மாலை, சடுகுடு பாடி வந்த பண்ணையார் மகன் ராஜாங்கத்தின் கணுக்காலை அவன் இழுக்க, ராஜாங்கம் விழுந்து தோள் பிசகியது. வலியிலும் அவன், "புடின்னா இதுடா மருதா" என்று சிரித்தான். ஆனால் அவனுக்கு முன்பே சேதி அவன் வீடு போய்விட்டது.

மறுநாள் ஆட்டத்தின் நடுவே பண்ணையார் ஆட்கள் தடிகளோடு நுழைந்தார்கள். "யாரு காலை யாருடா புடிக்கிறது?" என்ற சத்தத்தோடு முதல் அடி மருதனின் முழங்காலில் விழுந்தது, எலும்பு உடைந்த ஓசை மைதானத்தை ஒட்டிய எங்கள் வீட்டு வாசல்வரை கேட்டது. தோள்கட்டோடு ஆட்டம் பார்க்க வந்து, தடுக்கப் போன ராஜாங்கத்தை ஒருவன் இழுத்துத் தள்ளினான். அப்பா மருதன்மேல் குறுக்கே விழுந்தார்.

"வாத்தியாரே, ஒதுங்கிக்குங்க."

"அவன வரச்சொன்னது நான். என்னை அடிங்கடா."

அடித்தார்கள். மண்டை பிளந்தது. அம்மா அலறிக்கொண்டு ஓட, நான் பள்ளி வராந்தாவில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டைக் கை மரத்துப்போகும்வரை அடித்தேன். சந்தைக் கூட்டம் திரண்டு ஓடிவந்ததும் அவர்கள் தப்பி ஓடினார்கள்.

போலீஸ் விசாரித்தபோது ஆட வந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். ராஜாங்கம் மட்டும் கட்டுப்போட்ட கையோடு ஸ்டேஷனில் நின்று, "நான் ஆட்டத்துல விழுந்தேன் சார். இவங்கள அடிச்சது எங்க வூட்டு ஆளுங்க" என்றான். பண்ணையார் அங்கேயே அவனை அறைந்தார். உதட்டில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு, அவன் அதையே மறுபடியும் சொன்னான். அடித்தவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். ராஜாங்கம் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவே இல்லை.

மைதானத்தைப் பூட்டச் சொல்லிப் பள்ளிக் கமிட்டி உத்தரவிட்டது. "வேணும்னா நீங்களே வந்து பூட்டிக்குங்க" என்று சாவியை அவர்கள் மேசைமேல் வைத்துவிட்டு வந்தார், தலையில் கட்டோடு அப்பா. யாரும் வரவில்லை. பல நாள் வெறிச்சோடிக் கிடந்த மைதானத்துக்குள் முதலில் வந்தவன் மருதன்தான். மடக்க முடியாத காலை இழுத்துக்கொண்டு வந்து கோட்டருகே நின்றான். அப்புறம்தான் மற்றவர்கள் வந்தார்கள்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். ஆள் உயரத்துக்கு மேல் சுவர், அதன்மேல் கண்ணாடிச் சில்லு. "ஸ்கூலு விட்டா யாரையும் உள்ள விடக்கூடாதும்மா" என்றார் காவலாளி. உள்ளே அத்தனை பெரிய மண் சும்மா கிடந்தது. வெளியே தார் ரோட்டில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், லாரி வரும்போதெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டு.