தெரியாதவர்களுக்கு இடது கை

என் மாமாவுக்கு வலது கை எது, இடது கை எது என்று தெரியாது என்பது எங்கள் வீட்டில் வெகுநாள் நிலவிய கருத்து. அதை முதலில் சொன்னவள் நான். அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சங்கரன்கோவிலில் தாத்தாவுக்கு விசைத்தறிக் கூடம் இருந்தது. அந்தச் சத்தத்துக்குள் காலம் தள்ள முடியாது என்று மாமா பி.எட். சேர்ந்துவிட்டார். தாத்தா அரை மனதாக ஒப்புக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டிருந்தார். படிப்பு முடிந்ததும் வேலை கிடைக்க வேண்டும். இல்லையென்றால் பேசாமல் தறிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். அப்பா ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியர். அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது. செய்முறைத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் மாமாவை எடுத்துக்கொள்வதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். ஆக, மாமாவின் எதிர்காலம் மொத்தமும் ஒரு பீரியடுக்குள் வந்து நின்றது. அந்தப் பீரியட் எங்கள் வகுப்பில் நடக்கவிருந்தது.

கற்பித்தல் பயிற்சிக்கு மாமாவை நான் படித்த பள்ளிக்கே அனுப்பியிருந்தார்கள். வீட்டில் மாமா, வகுப்பில் சார். நான் இரண்டு முறை மாற்றிக் கூப்பிட்டு வகுப்பே சிரித்தது. தேர்வு நாள் நெருங்க நெருங்க மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாதான் வழி சொன்னார். அவர் வழி சொல்லும்போது குழம்பைப் பிசைந்துகொண்டே சொல்லுவார்.

"எல்லா பிள்ளைகளையும் கை தூக்கச் சொல்லிரு மாப்ளே. தெரிஞ்சது வலது கை, தெரியாதது எடது கை. நீ வலது கையா பாத்துக் கேளு. எக்ஸ்டர்னலுக்கு வாரவரு கைக்காட்டைப் பாத்துட்டு மார்க்கைப் போட்டுட்டுப் போயிருவாரு."

"தப்பில்லையா அத்தான்?"

"நாங்கள்லாம் இப்படித்தான் பாஸானோம்."

மறுநாள் வகுப்பில் ஒத்திகை நடந்தது. எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். மாமா கேள்வி கேட்டு முடிக்கும் முன்பே அத்தனை கையும் மேலே போயிற்று. மூன்றாவது பெஞ்சில் செல்வி என்று ஒருத்தி இருந்தாள். அதுவரை எந்தக் கேள்விக்கும் வாய் திறக்காதவள். அவளும் இடது கையைத் தூக்கிக்கொண்டு, மற்றவர்களைப் போலவே பெருமையாக உட்கார்ந்திருந்தாள். என் கை வலது கை. மாமா என்னைத்தான் கேட்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை அம்மாவும் அப்பாவும் புளியங்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். என்னை மாமா பைக்கில் வைத்துக்கொண்டு தன் கல்லூரிக்குப் போனார். அது கரிவலம்வந்தநல்லூர் போகும் சாலையில் இருந்தது. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் பேச வந்திருந்தார். பேசி முடிந்ததும் ரோஸ்மில்க் என்று பேச்சு.

முதலில் அவரை வாழ்த்தி மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேரும் அவரைவிடப் பெரியவர்கள் போலப் பேசினார்கள். பொன்னாடை போர்த்தி முடித்ததும் அவர் மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டு மேடையை விட்டுக் கீழே இறங்கி வந்தார்.

"ஒரு எண்ணைப் பூஜ்யத்தால ஏன் வகுக்கக்கூடாது?" என்று கேட்டார்.

சில கைகள் எழுந்தன.

"கைதூக்குனவங்க எறக்கிக்கிடுங்க. உங்களுக்கு நான் வேண்டாம். நான் கேட்டதும் குனிஞ்சீங்கள்லா, அவங்கள்ல யாராவது எந்திரிங்க."

யாரும் எழவில்லை. அவர் கோபப்படவும் இல்லை, அடுத்ததற்குப் போகவும் இல்லை. சும்மா நின்றார். எனக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. அப்போது என் பக்கத்தில் மாமா எழுந்தார்.

"வகுக்கக்கூடாதுன்னு தெரியும் சார். ஏன்னு தெரியாது."

"எத்தன வருஷமா தெரியாது?"

"சின்னதுலேர்ந்தே சார்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார். யாரும் கேக்கல."

பேராசிரியர் மாமாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "தெரியலைன்னு சொல்லுத பிள்ளைக்கு உங்க வகுப்புல எடம் இருக்கான்னு பாத்துக்கிடுங்க. மத்ததெல்லாம் புஸ்தகத்துல இருக்கு" என்றார். பிறகு கரும்பலகையில் என்னவோ எழுதி விளக்கினார். நான் கவனிக்கவில்லை. கணக்கு வாத்தியாராகப் போகிறவர் கணக்குத் தெரியாது என்று கூட்டத்தில் எழுந்து சொல்கிறாரே என்று எனக்கு மானம் போய்விட்டது. மாமா தன் ரோஸ்மில்க்கையும் என்னிடமே கொடுத்துவிட்டார்.

தேர்வன்று பின்னம் நடத்தினார். வட்டங்களைப் பங்கு போட்டு நான் வண்ணம் தீட்டிக் கொடுத்த சார்ட் பலகையில் தொங்கியது. தேர்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கால் பெரியதா, எட்டில் ஒன்று பெரியதா என்று மாமா கேட்டதும் எல்லாக் கைகளும் எழுந்தன. தேர்வாளரின் முகம் மலர்ந்தது. நான் பாதி எழுந்தேவிட்டேன்.

மாமா செல்வியைக் கூப்பிட்டார்.

வகுப்பு திடுக்கிட்டது. செல்வி இடது கையை இறக்காமலே எழுந்து நின்றாள். மாமா காத்திருந்தார். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் என் வலது கையை மாமாவின் கண்ணுக்கு நேராக ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"என்ன தெரியல? அதைச் சொல்லு போதும்" என்றார் செல்வியிடம்.

நெடுநேரம் கழித்து அவள் சொன்னாள். "நாலைவிட எட்டுதான சார் பெருசு. பொறவு எட்டுல ஒண்ணு எப்படி சார் சின்னதாகும்?"

மாமா பலகையிலிருந்து என் சார்ட்டைக் கழற்றினார். அதை நாலாக மடிக்கச் சொல்லி அவளிடம் கொடுத்தார். பிறகு எட்டாக. ஒவ்வொரு மடிப்பிலும் என் வண்ணம் நொறுங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுகை வந்தது. செல்வி மடித்து, விரித்து, மறுபடி மடித்தாள். மணி அடித்தபோது பாடத்தில் பாதிகூட முடிந்திருக்கவில்லை.

"பாடம் முடியலையே தம்பி" என்று சொல்லிவிட்டுத் தேர்வாளர் பேனாவை மூடினார்.

மாமா தேர்ச்சி பெற்றார், அவ்வளவுதான். தாளாளர் அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். மாமா தறிக்கூடத்துக்குப் போனார். சின்னப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்து அங்கிருந்து வெளியே வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. "சோத்துக் கை எதுன்னு தெரியாமலா வே இருந்த?" என்று தேர்வன்று இரவு, நான் சொன்னதை வைத்து அப்பா கேட்டதற்கு, "பதட்டத்துல தடுமாறிட்டு அத்தான்" என்று சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தேன். அவர் தடுமாறவில்லை என்று, நானே பி.எட். சேர்ந்து ஒரு வகுப்பின் முன்னால் போய் நின்றபோதுதான் தெரிந்தது.

தேர்வு முடிந்த அடுத்த வாரம் எங்கள் பழைய கணக்கு சார் திரும்பி வந்தார். அவர் கேள்வி கேட்டதும் வழக்கம்போல நாலைந்து பேர் கை தூக்கினோம். செல்வியும் தூக்கினாள். சார் ஆச்சரியப்பட்டு அவளையே எழுப்பினார்.

"தெரியல சார்" என்றாள்.

"தெரியாம எதுக்குட்டி கையத் தூக்குத?" என்று அந்தப் பீரியட் முழுக்க நிற்கவைத்துவிட்டார்.

மறுநாளும் தூக்கினாள். இடது கைதான். எனக்குப் பாவமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. பின்னால் திரும்பி, "ஏட்டி, எக்ஸ்டர்னல் சார் அன்னைக்கே போயாச்சு. இனிமே தூக்காண்டாம்" என்று மெதுவாகச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். கையை இறக்கவில்லை. இதுகூடப் புரியாதவளுக்குப் பின்னம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டேன்.