நார்வே கப்பலில் நான் நின்ற இடம்

இன்று விருதுநகரில் மருந்து வாங்கப் போன கடையில், கடைக்காரர் புதுக் காலண்டர் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். சிவகாசியில் என் கணவரின் அச்சகம் ஆடிப்பெருக்குக்கு வெளியிட்ட மாதிரி ஆல்பம்; கடைக்காரர்கள் அதில் படம் தேர்ந்தெடுத்து, தங்கள் கடைப்பெயர் போட்டு அடுத்த வருடக் காலண்டருக்கு ஆர்டர் கொடுப்பார்கள்.

"இங்கன பாருங்கக்கா, கப்பல்ல ஒரு ஆளு இல்ல. எம்புட்டு அமைதியா இருக்கு!"

பனிமலை, பச்சைக் கடல், கப்பலின் கைப்பிடிக் கம்பி.

அந்தக் கம்பியை எனக்குத் தெரியும். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் நானும் அவரும் மட்டும் போன ஒரே பயணம் அந்த நார்வே கப்பல்தான். எட்டு நாளும் "கொஞ்சம் தள்ளி நில்லு" என்று சொல்லி மலையையே எடுத்தவர், ஒரே ஒரு முறை என்னை நிற்கவைத்து எடுத்த படம் இது.

அங்கிருந்தே போன் போட்டேன்.

"என்னங்க, அதுல நான் நின்னேன்ல?"

"நீ நின்ன எடத்துலதான கடைப்பேரு வரணும்? அதான் அழிக்கச் சொன்னேன். சீசன் நேரம், போனை வையி."

மறுபடி பார்த்தேன். என்னை அழித்தவர் என் நிழலை மறந்துவிட்டார். கப்பல் தளத்தில் அது நீளமாகக் கிடக்கிறது.

கடைக்காரர் அந்தப் படத்துக்கே ஆர்டர் கொடுத்துவிட்டார்.

ஜனவரியில் உங்கள் வீட்டுச் சுவரில் அந்தக் காலண்டர் ஏறினால் எனக்குச் சொல்லுங்கள். தேதி கிழிக்கும்போது கடைப்பெயருக்குக் கீழே பாருங்கள். அங்கேதான் கிடப்பேன்.